நண்பர்கள் இல்லாத பன்னிரண்டு வயதுப் பையனும் மூன்று மாத வகுப்பும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு, எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளி. ஐந்து வயதில் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நன்றாகப் பேசுகிறான், மார்க் பரவாயில்லை, ரயில் என்றால் உயிர். இடைவேளையில் மைதானச் சுவரை ஒட்டித் தனியாக நடந்துகொண்டே இருக்கிறான் என்று வகுப்பாசிரியர் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. ஊரில் ஒரு மையம் மூன்று மாத 'சோஷியல் ஸ்கில்ஸ்' வகுப்பு, அதாவது மற்றவர்களோடு பழகும் முறையைக் கற்றுத்தரும் வகுப்பு நடத்துகிறது. முடியும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவான், நண்பர்கள் தானாக வருவார்கள் என்று உறுதி தருகிறார்கள். அவன் அப்பாவோ, "அதெல்லாம் வேண்டாம், அபார்ட்மென்ட் பசங்களோட கிரிக்கெட் ஆட அனுப்பு, சரியாயிடும்" என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருப்பது எனக்குத் தெரிகிறது: நாங்கள் போன பிறகு இவனுக்கு யார் இருப்பார்கள் என்பது. இருபது வருடத்துக்கும் மேலாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு வராத பெற்றோரை நான் பார்த்ததில்லை.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல, உங்கள் பையனைப் பார்த்ததும் இல்லை. கீழே எழுதுவதில் ஆய்வுகள் சொல்வது கொஞ்சம், வகுப்பறையிலும் வீடுகளிலும் நான் பார்த்தது நிறைய. எது எது என்று அங்கங்கே சொல்கிறேன்.

வகுப்பா கிரிக்கெட்டா என்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரை ஒட்டி நடக்கும்போது அவன் தனிமையில் வாடுகிறானா, இல்லை ஓய்வெடுக்கிறானா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். காலையிலிருந்து நாற்பது பிள்ளைகள் சத்தம், பெல், ஃபேன், எதிர்பாராத கேள்விகள் என்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்த இருபது நிமிட நடைதான் மூச்சு விடும் நேரமாக இருக்கலாம். அதைப் பிடுங்கி 'போய் எல்லார்கூடயும் சேர்ந்து விளையாடு' என்று தள்ளினால், மாலை வீட்டுக்கு வந்ததும் காரணமே இல்லாமல் வெடிப்பான். அப்படிப் பல வீடுகளில் நடந்திருக்கிறது.

அதற்காக, 'ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனிதர்களே தேவையில்லை, அவர்கள் தனி உலகத்தில் இருக்கிறார்கள்' என்ற பழைய பேச்சுக்கும் போய்விட வேண்டாம். 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே தனித்திருத்தல்தான் முக்கிய அடையாளம். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தனிமை வலிக்குமா என்று அவர்களையே கேட்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 2000-இல் நிரிட் பாமிங்கர், கானி கசாரி என்ற இருவர் பிள்ளைகளிடமே கேட்டு வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைவிட அதிகத் தனிமையை உணர்வதாகச் சொன்னார்கள். இதன் பிறகு வந்த பல ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. ஆசை இருக்கிறது, வழிதான் கிடைப்பதில்லை என்பது பெரும்பாலானவர்கள் விஷயத்தில் உண்மை. எல்லோர் விஷயத்திலும் என்று சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரே ஒரு ஆள் போதும் என்று நிறைவாக இருக்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நேராக எதிரில் உட்கார்ந்து 'உனக்கு ஃபிரண்ட்ஸ் வேணுமா?' என்று கேட்டால் 'தெரியல' என்றுதான் வரும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது, இருவர் பார்வையும் வேறு எங்கோ இருக்கும்போது கேளுங்கள். கேள்வியும் சின்னதாக இருக்கட்டும். "இன்னைக்கு ப்ரேக்ல நடந்தது நல்லா இருந்துச்சா, போர் அடிச்சுதா, கஷ்டமா இருந்துச்சா?" மூன்றையும் தாளில் எழுதி வைத்து விரலைக் காட்டச் சொன்னாலும் சரி. பத்து நாளில் ஒரு சித்திரம் கிடைக்கும். அந்தச் சித்திரத்தைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

இப்போது அந்த மையம் தரும் உறுதிக்கு வருவோம். கண்ணைப் பார்த்துப் பேசவைப்பதை ஒரு இலக்காக வைப்பதே எனக்குப் பிடிக்காது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்வது இதுதான்: கண்ணைப் பார்த்தால் காது மூடிக்கொள்கிறது, காதைத் திறந்தால் கண் விலகுகிறது. பேச்சைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே பார்வையைத் திருப்புகிறார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் வீடுகளில் பெரியவர்களைக் கண்ணுக்கு நேரே முறைத்துப் பார்த்துப் பேசுகிற பிள்ளைக்குத் திமிர் என்றுதான் பெயர். தாத்தா முன்னால் தலை குனிந்து நிற்கச் சொல்லிவிட்டு, தெரபி அறையில் 'லுக் அட் மீ, லுக் அட் மீ' என்று தாடையைத் தூக்குகிறோம். வேறு ஊர்க் கையேட்டிலிருந்து அப்படியே இறங்கிய இலக்கு அது.

நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். பத்து வயதுப் பெண் குழந்தை. வீட்டுக்கு யார் வந்தாலும் 'வாங்க' சொல்ல வேண்டும், எங்கே போனாலும் கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' சொல்ல வேண்டும் என்று அட்டை அட்டையாக எழுதிப் பழக்கினேன். ஆறு மாதத்தில் அச்சுப் பிசகாமல் சொன்னாள். அம்மா கண்ணில் தண்ணீர், எனக்குப் பெருமை. பிறகு உறவில் ஒரு சாவு. கூட்டத்தையும் பறைச் சத்தத்தையும் தாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள், கிளம்பும்போது வாசலில் நின்று, நான் சொல்லிக்கொடுத்த அதே தெளிவான குரலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி 'போயிட்டு வரேன்' என்றாள். துக்க வீட்டில் சொல்லக் கூடாத ஒரே வார்த்தை. ஒரு பாட்டி அதட்ட, அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, அந்தக் குழந்தைக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சரியாகச் செய்தால்கூட அடி விழும். அதற்கப்புறம் வெகு நாள் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான் விதியை மட்டும் கொடுத்திருந்தேன், அது எதற்காக இருக்கிறது என்பதைக் கொடுக்கவில்லை. அவளுக்கு அந்த வார்த்தை தேவையா என்று யோசிக்கவும் இல்லை. அது எங்களுக்குத்தான் தேவைப்பட்டது.

அந்த நாளுக்குப் பிறகுதான் 'யாருக்குக் கற்றுக்கொடுக்கிறோம்' என்ற கேள்வி எனக்கு வந்தது. பின்னால் படித்தபோது, அதை வேறு ஒருவர் கோட்பாடாகவே எழுதியிருந்தார். டேமியன் மில்டன் என்ற பிரிட்டன் சமூகவியலாளர். அவரும் ஆட்டிசம் உள்ளவர். 2012-இல் அவர் எழுதியதன் சாரம்: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனசு புரியவில்லை என்கிறீர்கள், மற்றவருக்கு இவர் மனசு புரிகிறதா என்ன? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, பழி மட்டும் ஒரு பக்கம் விழுகிறது. இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று தமிழில் சொல்லலாம்.

இது கேட்க அழகாக இருக்கிறது, ஆதாரம் எப்படி என்று கேட்பீர்கள். கலந்து கிடக்கிறது. 2020-இல் எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர், ஒருவர் காதில் சொன்னதை அடுத்தவர் காதில் சொல்லிக்கொண்டே போகிற விளையாட்டு மாதிரி ஒரு சோதனை வைத்தார்கள். வரிசைக்கு எட்டுப் பேர், மொத்தம் 72 பேர். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் நின்ற வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் நின்ற வரிசையிலும் செய்தி ஒரே அளவு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இருவரும் மாறி மாறி நின்ற வரிசையில்தான் வழியில் அதிகம் கொட்டிப்போனது. எங்கள் துறையில் எல்லோரும் இதைத் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். பிறகு 2025-இல் 311 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தபோது, கலந்த வரிசை அப்படிப் பின்தங்கவில்லை. எனவே 'ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அவர்களைப் போன்றவர்களோடு மட்டும்தான் ஒத்துப்போகும்' என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார வேண்டாம். இரண்டு ஆய்விலும் மாறாமல் நின்றது ஒன்று: ஆட்டிசம் உள்ளவர்கள் செய்தியைக் கொண்டுசேர்ப்பதில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல.

இதைவிட உங்கள் மகனுக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வு 2017-இல் டெக்சஸில் நோவா சாஸன் என்பவர் குழு செய்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில விநாடிக் காட்சிகளை, விவரம் எதுவும் சொல்லாமல், மற்றவர்களுக்குக் காட்டினார்கள். பார்த்தவர்கள் சில விநாடியிலேயே 'இவர்களோடு பேசப் பழக அவ்வளவாக விருப்பமில்லை' என்று மதிப்பிட்டார்கள். அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பேசிய விஷயத்தில் குறை இல்லை. குரலின் ஏற்ற இறக்கம், கை அசைவு, பார்வை, இவற்றைக் கண்டவுடனே மற்றவர்கள் விலகுகிறார்கள். பிறகு அதே குழுவின் இன்னொரு ஆய்வில், 'இவருக்கு ஆட்டிசம்' என்று சொல்லிவிட்டுக் காட்டியபோது, அதுவும் பார்ப்பவர்களுக்கு ஆட்டிசம் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தபோது, அந்த முதல் அபிப்பிராயம் மேம்பட்டது. உங்கள் பையன் மைதானத்தில் தினமும் சந்திப்பது அந்தச் சில விநாடித் தீர்ப்பைத்தான். ஆகவே அந்தத் தீர்ப்பு எழாத இடங்களையும் வேலைகளையும் அவனுக்குத் தேடித் தர வேண்டும்.

வகுப்புகளே வீண் என்று சொல்லவில்லை. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு இத்தகைய குழு வகுப்புகளைப் பற்றிய முறையான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தேறியவை ஐந்து, மொத்தப் பிள்ளைகள் 196. பழகும் திறனும் நட்பின் தரமும் கொஞ்சம் கூடின. முகம் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் மாற்றம் இல்லை. 'கூடியது' என்று சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளை வகுப்புக்குப் போனது தெரிந்த பெற்றோர்களே. அவர்கள் நல்லதைப் பார்க்கத்தான் விரும்புவார்கள், நானும் அப்படித்தான். அதே வருடம் கசாரி குழு அமெரிக்கப் பள்ளிகளில் 60 பிள்ளைகளை வைத்துச் செய்ததுதான் என் வேலையை மாற்றியது. சில பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து பழகும் முறையைக் கற்றுக்கொடுத்தார். வேறு சில பிள்ளைகளை விட்டுவிட்டு, அவர்களுடைய வகுப்புத் தோழர்கள் மூன்று பேருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: தனியாக நிற்பவனை எப்படிச் சேர்த்துக்கொள்வது, பதில் தாமதமானால் எப்படிக் காத்திருப்பது என்று. தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்த வகையில்தான் மைதானத்தில் தனித்து நிற்பது குறைந்தது, மற்ற பிள்ளைகள் 'இவன் என் நண்பன்' என்று பெயர் சொல்வது கூடியது. மூன்று மாதம் கழித்தும் அது நின்றது. நம் பக்கத்திலும் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு அது. 2 முதல் 9 வயது வரை 65 பிள்ளைகள். அங்கே சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி கொடுத்தது பெற்றோருக்கு. பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து நடக்க ஆரம்பித்ததும், பிள்ளைகள் தாமாகப் பேச்சைத் தொடங்குவது கூடியது.

ஆக, அந்த மையத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். வகுப்பில் எங்களுக்கும் பாடம் உண்டா? பள்ளியோடு பேசுவீர்களா? அவன் விரும்பாத ஒன்றை மறுத்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே முடிவு செய்யலாம். உறுதி கொடுப்பதை மட்டும் நான் நம்ப மாட்டேன். நட்புக்கு யாரும் வாரண்டி தர முடியாது.

கற்றுக்கொடுக்க வேண்டியது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. நம் பேச்சில் சொல் ஒன்றும் பொருள் ஒன்றுமாக ஓடுவது ஏராளம். 'பாக்கலாம்' என்றால் பாதி நேரம் இல்லை என்று அர்த்தம். போனில் 'அப்புறம்...?' என்றால் வேறு விஷயம் இல்லை, வைக்கலாமா என்று. சாப்பிடுகிறாயா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தடவைதான் உண்மை வரும். இவற்றை ஒரு வெளியூர்க்காரருக்கு ஊர் வழக்கம் சொல்வதுபோல, 'இங்கே எல்லாரும் இப்படி ஒரு விசித்திரம் பண்ணுவாங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கலாம். அவன் அதை ரசிப்பான். ஒரு நோட்டில் சேகரிக்கவும் ஆரம்பிப்பான். தகவலாகக் கொடுங்கள்; நடித்துக் காட்டச் சொல்ல வேண்டாம். நாள் முழுக்கத் தன்னை மறைத்துக்கொண்டு மற்றவர் மாதிரி நடிப்பதன் விலை என்ன என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே நிறைய சொல்லிவிட்டார்கள்: களைப்பு, பதற்றம், 'என்னை யாருக்கும் தெரியாது' என்ற உணர்வு. நடிப்பு அதிகமாக உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணமும் அதிகம் காணப்பட்டதாக 2018-இல் ஒரு பிரிட்டன் ஆய்வு வந்தது. நடிப்புதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குப் பயம் வந்தது. பெண் பிள்ளைகள் இந்த நடிப்பில் கெட்டிக்காரிகள். அதனாலேயே பல பெண்களுக்கு ஆட்டிசம் இருப்பது இருபது முப்பது வயதில்தான் தெரியவருகிறது.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொன்ன கிரிக்கெட். அவர் நினைப்பில் பாதி சரி: அறைக்குள் அல்ல, பிள்ளைகள் நடுவில்தான் நட்பு உண்டாகும். ஆனால் அபார்ட்மென்ட் கிரிக்கெட் மாதிரி கஷ்டமான இடம் வேறு கிடையாது. விதி நிமிடத்துக்கு ஒரு தரம் மாறும். கீழே கார் நின்றால் ஒரு விதி, மாமி திட்டினால் இன்னொரு விதி. அவுட்டா இல்லையா என்று கத்தல், கலாய்ப்பு, சீண்டல். விதி விதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற பையன் அங்கே இரண்டாம் நாளே சண்டைக்காரன் ஆகிவிடுவான். ஸ்கோர் எழுதுகிற வேலையை அவனுக்குக் கொடுத்தால் வேறு கதை. ஒரு பையன் அப்படித்தான் தெரு டீமில் நுழைந்தான். அவன் நோட்டில் இருந்த கணக்குக்கு அப்பீல் கிடையாது. தகராறு வந்தால் எல்லோரும் அவனிடம்தான் ஓடிவந்தார்கள்.

உங்கள் பையனுக்கு ரயில் இருக்கிறது. பலர் அதை வியாதியின் பகுதியாகப் பார்த்துக் குறைக்கச் சொல்வார்கள். எனக்கு அதுதான் கதவு. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு டைம்டேபிள் பைத்தியம். வைகை எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்கும், பல்லவன் எங்கே கிராஸிங் கொடுக்கும் என்று மூச்சு விடாமல் சொல்வான். வகுப்பில் எல்லோரும் ஓடினார்கள். வேறு பள்ளியில் படித்த, எஞ்சின் படம் மட்டுமே வரைகிற இன்னொரு பையனைக் கண்டுபிடித்தோம். அவனுக்கு ஆட்டிசம் இல்லை, கூச்சம் மட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாட்பார டிக்கெட் எடுத்து இரண்டு அப்பாக்களும் இரண்டு பையன்களும் பெஞ்சில் உட்காருவார்கள். ஒரு மணி நேரத்தில் அந்த இருவரும் பேசியது பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'இது என்ன நட்பு, பேசவே இல்லையே' என்று அம்மாவுக்குக் குறை. ஆறாவது மாதம் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று போகவில்லை. மற்றவன் போய், வண்டி வந்த நேரங்களை எல்லாம் எழுதிக்கொண்டு வந்து அவன் வீட்டில் கொடுத்தான். அம்மா பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திருச்சியில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னைப் பக்கம் என்றால் பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகிலும் ஒன்று இருக்கிறது. முதல் சந்திப்புக்கு நல்ல இடங்கள்.

வீட்டுக்கு ஒரு பிள்ளையை அழைப்பதானால், ஒருவனை மட்டும் அழையுங்கள். ஒன்று ஒன்றரை மணி நேரம், என்ன செய்யப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். கேரம், லெகோ, செஸ், தோசை சுடுவது எதுவானாலும் சரி. பள்ளியும் ட்யூஷனும் முடிந்த மாலை வேண்டாம், தெம்பு இருக்கிற ஞாயிறு காலை வையுங்கள். அவன் யாருக்கும் தரக் கூடாத பொருளை முன்னாலேயே பீரோவில் வைத்துவிடுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். இன்னும் அரை மணி நேரம் ஆடட்டும் என்ற நம் பேராசையில்தான் பல சந்திப்புகள் அழுகையில் முடிந்திருக்கின்றன. அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று யாராவது கொஞ்சம் நிதானமான ஆள் இருந்தால் அவர்களிடமிருந்தே தொடங்கலாம். கல்யாண மண்டபத்தில் எல்லோர் நடுவிலும் பழகட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே முகூர்த்தம் பார்த்துச் சாப்பிட்டு வந்தாலே அது பெரிய காரியம். 'ஏன் பேச மாட்டேங்கிறான்?' என்று கேட்கிற மாமாவுக்கு ஒரே வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்: "கேட்டா சொல்வான், கொஞ்சம் நேரம் எடுக்கும், ரயிலைப் பத்திக் கேளுங்க."

பள்ளியில் வகுப்பாசிரியர் தானாகவே கவனித்துச் சொல்லியிருக்கிறார் என்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. பெரிய கூட்டம் போட்டு 'இவனுக்கு உதவி செய்யுங்கள்' என்று வகுப்பு முழுக்க அறிவிக்கச் சொல்லாதீர்கள். பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட பிள்ளை குட்டி வாத்தியார் ஆகிவிடும், நண்பன் ஆகாது. ஏற்கெனவே அவனோடு ஒரு முறையாவது தானாக வந்து பேசிய இரண்டு மூன்று பேரை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். அவர்களையும் இவனையும் சேர்த்து வாரத்தில் இரண்டு இடைவேளை நூலகத்திலோ, செஸ் பலகையிலோ, அறிவியல் கண்காட்சி மாடலிலோ ஒரு வேலை. மற்ற நாட்களில் சுவரோரம் நடக்கட்டும், அது அவன் உரிமை. ஆட்டிசம் என்ற சொல்லை வகுப்பில் சொல்லலாமா என்பது அவனைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியது. அவனுக்கே இன்னும் சொல்லவில்லை என்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பள்ளி தட்டிக்கழித்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, பள்ளியில் நியாயமான வசதி செய்துதர வேண்டும் என்கிறது என்பதை நினைவூட்டலாம். என் அனுபவத்தில் சட்டத்தைக் கடைசியில் எடுப்பதே நல்லது. முதலில் எடுத்தால் வசதி வரும், மனசு வராது.

ஒரு எச்சரிக்கை. நண்பன் வேண்டும் என்ற தவிப்பு அதிகமாகிற வயது இது. அவனிடம் தின்பண்டம் வாங்கித் தின்பவன், மற்றவர் சிரிக்க அவனை ஏதாவது செய்யச் சொல்பவன், 'இதைச் செய்தால்தான் உன்னைச் சேர்த்துப்போம்' என்பவன், இவர்களையும் அவன் நண்பன் என்றுதான் சொல்வான். கலாய்ப்பதில் அன்பு எது, கொடுமை எது என்று பிரிப்பது பெரியவர்களுக்கே சிரமம். நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நீ வேண்டாம் என்றதும் நிறுத்தினானா? இதே அளவுகோல் அவனுக்கும் பொருந்தும். பன்னிரண்டு வயது என்பதால் தொடுதல், தனியிடம், பெண் பிள்ளைகளிடம் இடைவெளி பற்றி இப்போதே நேரான வார்த்தைகளில் சொல்லிவிடுங்கள். ஐந்து வயதில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தால் எல்லோரும் கொஞ்சினார்கள். பதினைந்தில் அதுவே புகாராகும், ஏன் மாறியது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இணையத்தில் கிடைக்கும் நண்பர்களை நட்பில் சேர்க்காத பெற்றோர் உண்டு. நான் சேர்ப்பேன். முகமும் குரலும் இல்லாத எழுத்தில் அந்தச் சில விநாடித் தீர்ப்பு விழுவதில்லை, பதில் சொல்ல நேரமும் கிடைக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே 2013-இல் ஒரு அப்பா மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் 'ஆட்கிராஃப்ட்' என்ற தனி இடம் அமைத்தது இதனால்தான். யார், எந்த வயது, என்ன பேசுகிறார்கள் என்று நீங்கள் பக்கத்தில் இருக்கிற வரை அது நல்லது. பேச்சு வராத பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசுகிற, சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகள் தமிழிலும் இருக்கின்றன. படம் தொட்டுப் பேசுகிற பிள்ளைக்கும் நட்பு உண்டு. ஆனால் 'தண்ணி வேணும்', 'பாத்ரூம்' மட்டும் ஏற்றி வைக்காமல், 'போடா', 'மறுபடியும்', 'செம' எல்லாம் ஏற்றி வையுங்கள். வேறு எதை வைத்து அது நண்பனோடு பேசும்?

என் வார்த்தையை எங்கே நிறுத்தி எடைபோட வேண்டும் என்பதையும் சொல்கிறேன். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, பிரிட்டனில், பேச்சு நன்றாக வரும் பிள்ளைகளிடம், சில மாதங்கள் மட்டும் நடந்தவை. தோழர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் நம் ஊரில் ஒரு வகுப்பில் ஐம்பது பேர் இருக்கிற பள்ளியில் அப்படியே நடக்குமா என்பதற்கு என்னிடம் இருப்பது என் பள்ளிகளின் அனுபவம் மட்டுமே. நடந்த இடமும் உண்டு, ஒரு பருவத்திலேயே கரைந்துபோன இடமும் உண்டு. கரைந்த இடங்களில் பெரும்பாலும் ஆசிரியர் மாற்றலாகிப் போயிருந்தார்.

பையன் பிடித்ததைக்கூட விட்டுவிட்டான், ரயில் பேச்சே இல்லை, தூக்கமும் சாப்பாடும் குறைந்தது, 'நான் எதுக்கு' என்ற மாதிரி ஏதாவது சொன்னான் என்றால், நட்பு வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். உடனே யாரும் கிடைக்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நாங்கள் போன பிறகு யார் என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. என்னிடம் வந்து இன்று முப்பதை நெருங்குகிறவர்களைப் பார்க்கிறேன். தாங்கி நிற்கிறவர்களுக்குப் பத்து நண்பர்கள் இல்லை. ஒரு அண்ணன் மனைவி, ஒரு பழைய வகுப்புத் தோழன், தினமும் ஒரே பெஞ்சில் டீ குடிக்கிற கடைக்காரர் என்று மூன்று பேர், நான்கு பேர். ஒவ்வொருவரும் அவர்கள் வாழ்வில் வந்தது ஏதோ ஒரு வழக்கத்தின் வழியாக. அந்த வழக்கத்தை வீட்டில் யாரோ வருடக்கணக்கில் விடாமல் நடத்தியிருக்கிறார்கள். உங்கள் பையனுக்கு இன்னும் ஆறு வருடப் பள்ளி இருக்கிறது. மூன்று மாதக் கட்டணத்தை இப்போது கட்ட வேண்டாம். இந்த வாரம் பைக்கில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள், வகுப்பாசிரியரிடம் அந்த இரண்டு மூன்று பெயர்களைக் கேளுங்கள். அவன் 'யாரும் வேண்டாம்' என்று விரலைக் காட்டினாலும் வந்து எழுதுங்கள். அதற்கும் பதில் சொல்கிறேன், அது வேறு பதிலாக இருக்கும்.